சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு டாரட் கட்டு: 78 அட்டைகளை யோசித்து, வரைந்து, அச்சேற்ற முழு வழிகாட்டி

எங்கள் ஆயாவின் வலது கட்டைவிரலைச் சுற்றி ஒரு கறுப்புக் கறை உண்டு. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பண்ருட்டிப் பக்கத்தில் வருஷக்கணக்காக முந்திரிக்கொட்டை உடைத்த கை அது. கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் பொத்துப்போகும். அதனால் பக்கத்தில் ஒரு சிரட்டையில் அடுப்புச் சாம்பல் இருக்கும். நாலு கொட்டைக்கு ஒரு தரம் விரலை அதில் தோய்த்துக்கொள்வார். அந்தக் கையை வரைய வேண்டும் என்றுதான் நான் முதலில் பென்சில் எடுத்தேன். டாரட் என்ற 78 படச் சீட்டுகளின் கட்டு அப்புறம்தான் வந்தது.

இந்த வரிசை முக்கியம். டாரட் வரைய நினைக்கும் பலர் பழைய படங்களை எதிரில் வைத்துக்கொண்டு ராணிக்குச் சேலை கட்டிவிடுகிறார்கள், ராஜாவுக்கு மீசை வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உடை மட்டும்தான் மாறும். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு வேலை இருக்கிறது; அந்த வேலையை உங்கள் வாழ்க்கையில் எந்தச் சம்பவம் செய்தது என்று தேடிப் பிடிப்பதுதான் உண்மையான உழைப்பு. கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்காகத்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு என் கட்டை நான் வரைந்த விதத்தையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

முதல் படி: சட்டகத்தைத் தெரிந்துகொள்வது

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்தது, விளையாடும் சீட்டாகத்தான். மிலான் ஆட்சியாளர்களின் குடும்பங்களுக்காகக் கையால் தீட்டிப் பொன் பூசிய அட்டைகள் இன்னும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. குறி பார்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில்தான் பரவியது. அங்கே இன்றைக்கும் அதே 78 சீட்டில் ஆட்டம் ஆடுகிறார்கள். 'இது ஏதோ மாந்திரீகம்' என்று வீட்டில் யாராவது தயங்கினால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது வேலை செய்தது. கிளி எடுக்கும் சீட்டையே பார்த்து வளர்ந்த ஊருக்குப் படம் பார்த்துக் கதை சொல்வது புதிதும் இல்லை.

மொத்தம் 78. அதில் 22 பெரிய அட்டைகள், 0 முதல் 21 வரை எண்ணிட்டவை: பேதை, மந்திரவாதி, பேரரசி, தேர், துறவி, மரணம், கோபுரம், நட்சத்திரம், நிலா, சூரியன், உலகம் என்று போகும். வாழ்க்கையின் பெரிய திருப்பங்கள் இவை. மீதி 56 சிறிய அட்டைகள், அன்றாட வாழ்க்கை. நான்கு குலம்: கோல், கோப்பை, வாள், காசு. ஒவ்வொன்றிலும் 1 முதல் 10 வரை, அப்புறம் ஏவலன், வீரன், ராணி, ராஜா என்று நான்கு ஆட்கள். ஆக ஒரு குலத்துக்கு 14.

இன்று உலகம் முழுக்கப் பழக்கமான படங்கள் 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டிலிருந்து வந்தவை. ஏ. இ. வெயிட் என்ற எழுத்தாளர் திட்டம் கொடுத்தார், பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தார். அதற்கு முன் புழக்கத்தில் இருந்த பிரான்ஸின் மார்செய் பாணிக் கட்டில், 'கோப்பை ஐந்து' என்றால் ஐந்து கோப்பை வரைந்திருக்கும், அவ்வளவுதான். பமீலா அந்தச் சிறிய அட்டைகளுக்கும் ஆளும் சம்பவமும் கொடுத்தார். கொட்டிப்போன மூன்று கோப்பைகளைப் பார்த்துக் கறுப்புப் போர்வையில் ஒருவர் நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் நிற்கும் இரண்டைப் பார்க்கவில்லை. நாம் செய்யப்போவதும் அதே காரியம், நம் சம்பவங்களை வைத்து.

பமீலா 1951இல் காலமானார். இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. அதனால் அந்த மூலப் படங்களைப் படிப்பதிலும் அவற்றிலிருந்து எடுப்பதிலும் இங்கே தடையில்லை. ஆனால் இன்றைய ஓவியர்கள் புதிதாக வரைந்த கட்டுகள் அவரவர் சொத்து. அவற்றைத் தடம் வைத்து வரையாதீர்கள்.

இரண்டாம் படி: நினைவு நோட்டு

பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு நினைவுக்கு ஒரு வரி. குறைந்தது 150 வரி சேரும் வரை டாரட் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஒரே ஒரு விதி: ஒவ்வொரு வரியிலும் கையால் தொடக்கூடிய ஒரு பொருள் இருக்க வேண்டும். 'தாத்தா கண்டிப்பானவர்' என்று எழுதினால் படமாகாது. 'தாத்தா ஆலைக்குக் கிளம்பும்போது தூக்குப்போசியின் மூடியை இரண்டு தரம் அழுத்திப் பார்ப்பார்' என்று எழுதினால் அதிலேயே படம் இருக்கிறது.

பெரியவர்களிடம் கேட்கும்போது 'உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க' என்று உட்காராதீர்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். பழைய ரேஷன் கார்டு, அரிவாள்மணை, கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கு, எதுவானாலும் சரி. ஆயாவிடம் நான் ஒரு முந்திரிக்கொட்டையைத்தான் கொடுத்தேன். ராத்திரி பத்து மணி வரை பேசினார்.

உங்கள் வாழ்க்கையில் இல்லாததை அழகுக்காகச் சேர்க்காதீர்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் கரைவலை இழுப்பது கண்ணைப் பறிக்கும் காட்சி. ஆறேழு தடவை போய் நின்று வரைந்தும் பார்த்தேன். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் வலை இழுத்ததில்லை. கயிறு உள்ளங்கையை எப்படி அறுக்கும் என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. அந்தப் படங்களை நோட்டிலேயே விட்டுவிட்டேன். அது மீனவர் வீட்டுப் பிள்ளை வரைய வேண்டிய அட்டை.

மூன்றாம் படி: பெரிய அட்டைகளுக்குச் சம்பவம் தேடுவது

இங்கேதான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும். ஒவ்வொரு பெரிய அட்டைக்கும் முதலில் அதன் வேலையை ஒரு சின்ன வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டையின் பெயர் அதில் வரக் கூடாது. உதாரணமாக 16ஆம் அட்டையான கோபுரத்துக்கு நான் எழுதியது: 'நிற்கும் என்று நம்பியது ஒரே இரவில் விழுகிறது.' எழுதி முடித்ததுமே தேட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. 2011 டிசம்பர் 30, தானே புயல்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த அந்தப் புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. எங்கள் ஆயா வீட்டுப் பின்பக்கம் ஒரு பலா மரம் இருந்தது. அம்மா சிறுமியாக இருந்தபோதே அது பெரிய மரம். விடிந்து பார்த்தால் வேர் வானத்தைப் பார்த்துக் கிடந்தது, வேரில் ஒட்டிய செம்மண் மழையில் கரைந்து வடிந்துகொண்டிருந்தது. பழைய கோபுர அட்டையில் மின்னல் தாக்கி இரண்டு பேர் தலைகீழாக விழுவார்கள். என் அட்டையில் ஆள் யாரும் இல்லை. வேர் மட்டும், முழு அட்டையையும் அடைத்துக்கொண்டு.

அடுத்த எண் 17, நட்சத்திரம். இதன் வேலை: 'எல்லாம் போன பிறகு வரும் அமைதி.' பழைய படத்தில் ஒரு பெண் இரண்டு குடங்களிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள், தலைக்கு மேல் நட்சத்திரங்கள். தானே அடித்த பிறகு எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. ராத்திரியில் தெருவே வாசலுக்கு வந்து உட்கார்ந்தது. அவ்வளவு நட்சத்திரங்களை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்து யார் வீடு என்று பார்க்காமல் பங்கிட்டு ஊற்றினார். இதை நான் உருவாக்கவில்லை, நோட்டில் 40ஆவது வரியாக ஏற்கெனவே இருந்தது. 500 வருஷத்துக்கும் மேல் பழைய வரிசை நம் ஊர் அனுபவத்தோடு இப்படிப் பொருந்தும்போது உடம்பு சிலிர்க்கிறது.

சாய்ந்த மரத்துக்கு இன்னொரு அட்டையும் கிடைத்தது. 13, மரணம். மண்டை ஓட்டையும் எலும்பையும் பார்த்துப் பயப்பட வேண்டிய அட்டை இல்லை இது. 'ஒன்று முடிந்து இன்னொன்றாகிறது' என்பதுதான் அதன் வேலை. பண்ருட்டிப் பலா மரத்துக்கு மிருதங்கம் செய்பவர்களிடம் பெரிய மதிப்பு உண்டு. எங்கள் மரத்தின் அடித்துண்டையும் ஒரு வியாபாரி வாங்கிப் போனார். அதனால் என் 13இல் நடுவில் குடைந்த பலாக் கட்டை, சுற்றிலும் மஞ்சள் மரச்சுருள்கள், ஓரத்தில் இன்னும் கட்டாத வார். யாரும் வாசிக்கவில்லை. இனிமேல்தான் வாசிக்கப் போகிறார்கள்.

சில அட்டைகளில் நம் ஊர் வழக்கம் பழைய பொருளோடு முட்டும். அதை மழுப்பிவிடாதீர்கள், அங்கேதான் நல்ல அட்டை பிறக்கும். 7ஆம் அட்டை தேர். பழைய படத்தில் ஒரே ஒருவர் தன் மன உறுதியால் வண்டியைச் செலுத்துகிறார். நம் ஊர்த் தேரோ ஊரே கூடி இழுப்பது. திருப்பாதிரிப்புலியூர் தேரோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது: இழுப்பது ஆயிரம் பேராக இருந்தாலும், திரும்புவதும் நிற்பதும் சக்கரத்தடியில் கட்டை போடுபவர் கையில் இருக்கிறது. பேச்சுவழக்கில் 'முட்டுக்கட்டை போடாதே' என்றால் தடுக்காதே என்று பொருள். தேரடியில் அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். என் தேர் அட்டையில் தேர் இல்லை. ஒரு சக்கரத்தின் கீழ்ப்பாதி, கட்டையை நீட்டும் ஒரு கை, பின்னால் இறுகிய வடம்.

நியாயம் என்ற அட்டைக்கு அப்பாவழித் தாத்தா சொன்ன கதை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சி சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். தாத்தா பின்னாளில் அதே ஊரில் ஆலைத் தொழிலாளியானவர், ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அதைச் சொல்வார். தராசின் ஒரு தட்டில் 12 அகல் விளக்குகள், மறு தட்டு காலி, காலித் தட்டுதான் மேலே நிற்கிறது. 20ஆம் அட்டையான தீர்ப்பில் தேவதூதன் எக்காளம் ஊதுவான், செத்தவர்கள் எழுவார்கள். முதலியார்பேட்டையில் வளர்ந்தவர்களுக்கு அந்த எக்காளம் என்னவென்று சொல்லவே வேண்டாம். ஆலைச் சங்கு. கடலூர் சாலை ஆலை 2020இல் மூடிய பிறகும் அந்த நேரத்துக்குத் தானாகக் கண்விழிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். என் அட்டையில் சங்குக் கம்பத்தில் புறா கூடு கட்டியிருக்கிறது, கீழே எல்லா வீட்டு ஜன்னலிலும் விளக்கு எரிகிறது.

நிலாவுக்குப் பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு வாய்க்கால் மாதிரியே அடுத்த வாய்க்கால் இருக்கும், வழி தெரியாது. அந்த மயக்கம்தான் அந்த அட்டை. தண்ணீரிலிருந்து ஏறும் பழைய படத்து நண்டு இங்கே நிஜமாகவே வேரில் ஏறும். பேதைக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நானே. சாத்தான் அட்டைக்கு மாநில எல்லையில் ஒரு சாராயக்கடை வாசல், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பழைய படத்திலும் கழுத்துச் சங்கிலி தளர்வாகத்தான் இருக்கும், கழற்றலாம், கழற்ற மாட்டார்கள். இதை வரையும்போது வீட்டில் யாரை நினைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை. உங்கள் கட்டிலும் இப்படி ஒரு அட்டை வரும். முகம் போடாமல் வரையுங்கள்.

தெய்வங்களையும் மகான்களையும் பற்றி ஒரு வார்த்தை. கஞ்சிஃபா என்ற நம் நாட்டுப் பழைய வட்டச் சீட்டில் தசாவதாரக் கட்டே உண்டு, 120 சீட்டுகள். ஆகவே இது தவறு என்று யாரும் சட்டம் பேச முடியாது. ஆனாலும் நான் வரையவில்லை. அட்டை கீழே விழும், கால் படும், தலைகீழாக வரும். துறவி அட்டைக்கு வள்ளலாரை வரையலாமா என்று ஒரு மாதம் யோசித்துவிட்டு, இரவில் அரிக்கேன் விளக்கோடு முந்திரித் தோப்புக்குக் காவல் போகும் அம்மாவழித் தாத்தாவை வரைந்தேன். வடலூர் வேறு இடத்தில் வந்து சேர்ந்தது. 1867இல் அங்கே மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. காசு ஆறு என்ற அட்டையில் பழைய படத்து வணிகர் தராசில் நிறுத்துப் பிச்சை போடுவார். வடலூரில் யாரும் நிறுத்துச் சோறு போடுவதில்லை. தராசை எடுத்துவிட்டேன். அடுப்பு, வரிசையாக இலைகள், அவ்வளவுதான்.

நான்காம் படி: நான்கு குலங்களுக்குப் பொருள்

குலச் சின்னம் மூன்று சோதனையில் தேற வேண்டும். உங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஒரே படத்தில் பத்து வரைந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும். பழைய சின்னத்தின் குணத்தைச் சுமக்க வேண்டும்.

கோலுக்கு முருங்கைப் போத்து. பழைய படத்துக் கோலில் இலை துளிர்த்திருக்கும். முருங்கையை வெட்டி மண்ணில் நட்டால் தானாகத் துளிர்க்கும், இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. கோப்பைக்குச் செம்பு. காசுக்கு முந்திரிக்கொட்டை, எங்கள் வீட்டில் பள்ளிக்கூடச் செலவும் கல்யாணச் செலவும் அதிலிருந்துதான் வந்தன.

வாள்தான் படுத்தியது. ஆலைத் தறியில் நூலைச் சுமந்து ஓடும் நாடாவை முதலில் எடுத்தேன். கூர்முனை, வேகம், எண்ணம் மாதிரியே இங்கும் அங்கும் ஓடும். நான்கைந்து அட்டை வரைந்த பிறகு வாள் மூன்றில் மாட்டிக்கொண்டேன். இதயத்தில் மூன்று வாள் பாய்ந்திருக்கும் அட்டை அது. நாடா நெய்யும், வெட்டாது. வலி வரவில்லை. வரைந்தவற்றை ஒதுக்கி வைத்துவிட்டுப் பலாப்பழம் அரியும் கத்தியை எடுத்தேன். பிசின் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவிய கத்தி. இப்போது என் வாள் மூன்றில் ஒரு முழுப் பலாப்பழம், மூன்று கத்திகள், வெட்டிய இடமெல்லாம் வெள்ளைப் பால் வடிகிறது. கட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த அட்டை இதுதான். சின்னம் சரியா என்று பார்க்க வாள் மூன்று, கோல் பத்து, கோப்பை ஐந்து, காசு எட்டு ஆகிய நான்கையும் முதலில் வரைந்து பாருங்கள். நான்கும் தேறினால் மீதி தேறும்.

ஐந்தாம் படி: ஆள் அட்டைகள்

ராஜா, ராணி எங்கள் வம்சத்தில் இல்லை. ஏவலனைப் பேத்தி என்றும், வீரனை மாமா என்றும், ராணியை ஆயா என்றும், ராஜாவைத் தாத்தா என்றும் மாற்றினேன். மாமாக்கள் நான்கு பேரும் வண்டியில் வருகிறார்கள்: போத்து மாமா டிவிஎஸ் 50, செம்பு மாமா படகு, கத்தி மாமா ரேஸ் சைக்கிள், முந்திரி மாமா மாட்டுவண்டி. பழைய கட்டிலும் நான்கு குதிரைகளின் வேகம் நான்கு விதம். பாய்வதிலிருந்து அசையாமல் நிற்பது வரை. அந்த வித்தியாசத்தை விடாதீர்கள்.

உயிரோடு இருப்பவர்களை வரைந்தால் படத்தைக் காட்டி அனுமதி கேளுங்கள். அச்சாவதற்கு முன்பு, பென்சில் நிலையிலேயே. ஒரு அத்தை தன் முகம் வேண்டாம் என்றார். முதுகுப்பக்கமாக வரைந்தேன், கொண்டையில் கனகாம்பரம் வைத்து. தெருவே அது யார் என்று கண்டுபிடித்துவிட்டது, அத்தைக்கும் சந்தோஷம்.

ஆறாம் படி: அளவும் வரையும் முறையும்

வழக்கமான டாரட் அட்டை 70 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரம். வெட்டும்போது நகர்ந்தாலும் வெள்ளை தெரியாமல் இருக்க நான்கு பக்கமும் 3 மி.மீ. படம் அதிகமாக வேண்டும். ஆக 76க்கு 126. அதை இரண்டு மடங்காக்கினால் 152க்கு 252 மி.மீ., ஒரு ஏ4 தாளில் வசதியாக அடங்கும். இரு மடங்கில் வரைந்து சுருக்கினால் கோடு கூர்மையாகத் தெரியும். தடிமனான ஒரு அட்டையில் இந்த அளவுக்குச் சட்டம் வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம்.

சுருக்கும்போது நுணுக்கம் அழியும் என்பதை மறக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிப் படம் போட்டுப் பாருங்கள். அந்த அளவில் புரியாத படம் அட்டையிலும் புரியாது.

நிறங்களைக் கட்டுப்படுத்துங்கள். நான் எடுத்தது ஆறு: செம்மண், பலாச்சுளை மஞ்சள், முந்திரி இலைப் பச்சை, சாம்பல், மழைக்காலத்துக் கடல் நீலம், கறுப்பு. ஆறே நிறம் என்பதால் ஒரு வருஷம் இழுத்த வேலையில் முதல் அட்டையும் கடைசி அட்டையும் ஒரே கையில் வந்தவையாகத் தெரிகின்றன. வாரத்துக்கு இரண்டு அட்டை என்றால் 39 வாரம். வரிசையாக 0இலிருந்து தொடங்காதீர்கள், கை பழகுவதற்கு முன்பே முக்கியமான அட்டைகள் முடிந்துவிடும். சிறிய அட்டைகளில் எளிதான பத்தில் தொடங்கிப் பெரியவற்றை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களுக்குத் தமிழ் எண்களைப் பயன்படுத்தினேன். 13 என்பது பழைய முறையில் ௰௩, 21 என்பது ௨௰௧. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெயரும் கீழே உண்டு. எழுத்தின் வடிவத்துக்குப் புதுச்சேரித் தெருப் பலகைகளைப் பார்த்தேன், நீலத்தில் வெள்ளையாக பிரெஞ்சும் தமிழும் சேர்ந்து நிற்குமே, அவை. பமீலா தன் முதலெழுத்துகளைப் பின்னிய ஒரு சின்ன முத்திரையை அட்டைகளில் வைத்தார். நீங்களும் வையுங்கள்.

ஏழாம் படி: பின்பக்கம்

78 அட்டைக்கும் ஒரே பின்பக்கம். தலைகீழாகத் திருப்பினாலும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த அட்டை தலைகீழ் என்று எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். நம்மிடம் இதற்குத் தயாரான பதில் சிக்குக் கோலம். அரை வட்டம் சுற்றினால் மாறாத கோலமாகத் தேர்ந்தெடுத்து, தாளில் வரைந்து, சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அம்மா போட்ட கோலத்தைப் போட்டோ எடுத்து, அதன் மேல் கோடு இழுத்தேன். இழை ஓரிடத்தில் கொஞ்சம் தடித்திருக்கும். எதிர்முனையிலும் அதே தடிப்பை வைத்தேன், திருத்தவில்லை.

எட்டாம் படி: ஸ்கேன், அச்சு, வெட்டு

ஸ்கேன் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. கோப்புகளை சிஎம்ஒய்கே என்ற அச்சு மை நிறங்களுக்கு மாற்றிய பிறகு திரையில் தெரியும் பளிச்சென்ற பச்சையும் நீலமும் மங்கும். அது பிரஸ்ஸின் தவறு அல்ல, மை அவ்வளவுதான் தரும். முன்கூட்டியே மாற்றிப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

ஒன்றிரண்டு கட்டுக்கு டிஜிட்டல் பிரிண்ட் போதும். 12க்கு 18 அங்குலத் தாளில் 9 அட்டைகள் தாராளமாக அடங்கும். 9 தாளுக்கு 81 இடம். மிஞ்சும் மூன்றில் நான் வைத்தது: தலைப்பு அட்டை, குலங்களின் விளக்கம், ஒதுக்கி வைத்த நாடா படத்தில் ஒன்று. நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் ஆஃப்செட். சிவகாசியில் விசாரியுங்கள், சீட்டுக்கட்டு மாதிரியான வேலை அங்கே பழக்கம்.

புதுச்சேரிக் கைக்காகிதம் மேல் யாருக்கும் ஆசை வரும், பூவும் வைக்கோலும் பதித்த தாள் அவ்வளவு அழகு. ஆனால் கலைத்து அடுக்கும் சீட்டுக்கு அது ஒத்துவராது. ஓரம் பிசிறும், ஒன்றோடொன்று வழுக்காது. பெட்டியின் உள்பக்கம் ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். அட்டைக்கு 300 முதல் 350 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) ஆர்ட் கார்டு.

லேமினேஷன் கட்டாயம் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும், போட்ட பக்கம் விரியாது, அட்டை வில்லாக வளையும். கடலோரக் காற்றில் இது இரண்டே நாளில் நடக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரே ராத்திரியில். மேட் லேமினேஷன் நல்லது. பளபளக்கும் கிளாஸி லேமினேஷனில் விளக்கு வெளிச்சம் அடித்துப் படம் தெரியாது.

ஓரச் சட்டத்தை மெலிதாக வைக்காதீர்கள். என் முதல் மாதிரிக்கு 2 மி.மீ. வெள்ளை ஓரம் வைத்திருந்தேன். வெட்டும் இயந்திரம் 1 மி.மீ. நகர்வது சாதாரணம். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 3 என்று 78ம் கோணலாக வந்தன. கட்டு முழுவதையும் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. 5 மி.மீ. ஓரம் வையுங்கள், அல்லது ஓரமே வேண்டாம், படம் விளிம்பு வரை ஓடட்டும். மூலைகளை வளைத்து வெட்டக் கார்னர் கட்டர் உள்ள கடையாகப் பாருங்கள். பெட்டிக்கு அளவு கொடுப்பது எல்லா அட்டையும் கைக்கு வந்து, அடுக்கி அளந்த பிறகு.

ஒன்பதாம் படி: கைப்புத்தகம்

ஒரு அட்டைக்கு ஐந்தாறு வரி போதும். முதலில் நினைவு, அப்புறம் பொருள். நேராக வந்தால் என்ன, தலைகீழாக வந்தால் என்ன என்று இரண்டும் எழுதுங்கள். தேர் அட்டை நேராக: எங்கே நிறுத்த வேண்டும் என்று உனக்குத் தெரியும். தலைகீழாக: கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் நிற்கிறாய். 'அதிர்ஷ்டம் வரும்', 'கவனம் தேவை' மாதிரி எந்த அட்டைக்கும் பொருந்தும் வரி வந்தால் அடித்துவிடுங்கள். நான் இதைக் குறி சொல்ல வைத்துக்கொள்ளவில்லை. காலையில் ஒன்று எடுப்பேன், அதில் உள்ள ஆளோடு அன்றைக்குக் கொஞ்சம் பேசுவேன்.

பத்தாம் படி: உரியவர் கையில் கொடுப்பது

அச்சுக்கு மொத்தமாகக் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு மாதிரிக் கட்டு எடுங்கள். அதை டாரட் தெரிந்த நண்பரிடம் காட்டுவதற்கு முன்பு, யார் வாழ்க்கையை வரைந்தீர்களோ அவர்களிடம் காட்டுங்கள்.

ஆயா திண்ணையில் உட்கார்ந்து 78ஐயும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். தேரைப் பார்த்துக் கும்பிட்டார், கோபுரத்தைப் பார்த்து 'அந்த மரமா இது' என்று கேட்டு உச்சுக்கொட்டினார். முந்திரி எட்டு வந்தது. பழைய கட்டில் தொழில் பழகும் இளைஞன் காசைச் செதுக்கும் அட்டை. என் படத்தில் மரக்கட்டை, எட்டுக் கொட்டைகள், ஆயாவின் இரண்டு கைகள். அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கை நல்லாத்தான் இருக்கு. சாம்பல் பத்தல. இப்படி ஒடைச்சா சாயங்காலத்துக்குள்ள பொத்துப்பூடும்."

அன்று ராத்திரியே சாம்பல் நிறத்தைக் குழைத்து, இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை பூசினேன். காய்ந்ததும் மறுபடி ஸ்கேன் செய்து, பிரஸ்ஸுக்கு அந்த ஒரு படத்தை மட்டும் மாற்றி அனுப்பினேன்.